ரொட்டி மாவில் எழுதிய பெயர்

நான் ஒரு மடையன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் சொன்னால், "அது எங்களுக்கு அப்பவே தெரியும்" என்று நீங்கள் முந்திக்கொள்வீர்கள். என்னோடு ஒரே பீலித் தண்ணீரில் குளித்து, ஒரே மாஸ்டரிடம் அடி வாங்கிய ஆட்கள் நீங்கள். உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? சின்ன வயதில் தன் வயிற்றில் தன் பெயரைத் தானே மையால் எழுதிக்கொண்டு, சட்டையைத் தூக்கித் தூக்கி லயத்து வீட்டு வரிசை முழுக்கக் காட்டித் திரிந்தவன் நான்.

அதற்கு ஒரு நியாயமும் வைத்திருந்தேன். லுணுகலைக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில், எழுத்து இருந்த பொருளெல்லாம் தொரைக்குச் சொந்தம். தேயிலைப் பெட்டியில் எழுத்து. கொழுந்துச் சாக்கில் எழுத்து. பங்களா வாசல் பலகையில் எழுத்து. நாங்கள் குடியிருந்த காம்பராக் கதவில்கூடத் தாரால் நம்பர் போட்டிருந்தார்கள். எழுத்து இல்லாத மழை, அட்டைப்பூச்சி, குளிர், எங்கள் வீட்டுச் சேவல் இவை மட்டும் எங்களுக்குச் சொந்தம். போதாததற்கு, ஒரு நாள் கூலிக்கே அங்கே 'பேர்' என்றுதான் சொல்வார்கள். கொழுந்து குறைந்த அன்று அம்மா வந்து, "இன்னைக்கு அரைப்பேர்தான் போட்டாங்க" என்று சொல்லும்போது, ஆபீசில் யாரோ கத்தரிக்கோலை எடுத்து அம்மாவின் பெயரைப் பாதியாக நறுக்கிவிட்டதாகவே நினைத்துக்கொள்வேன். மற்றவர்கள் எழுதுவதற்கு முன்னால் என் பெயரை என் மேல் நானே எழுதிவிட்டால் நான் எனக்குச் சொந்தம். இதுதான் என் கணக்கு.

அம்மா என்னைப் பீலிக்கரையில் நிறுத்தித் தேங்காய்த் தும்பால் தேய்த்தார். தோல் போயிற்று, பெயர் போகவில்லை. இப்போது யோசித்தால் அந்தக் கணக்கில் பெரிய பிழை இல்லை. மையைப் பூசிய இடம்தான் சரியில்லை.

ஊரே சிரித்தபோது சிரிக்காமல் என் வயிற்றைப் பார்த்தவர் பெரியம்மா ஒருவர்தான். அம்மாவின் அக்கா. எங்களுக்கு அடுத்த காம்பரா. தோட்டத்திலேயே வேகமாகக் கொழுந்து எடுக்கிற கை அவருடையது. இடுப்பில் படங்குச் சாக்கும் வாயில் வெற்றிலையும் இல்லாமல் அவரை நினைத்துப் பார்க்கவே எனக்கு வராது. அவருக்குப் பிள்ளைகள் இல்லை. ஆகவே நான் பாதி நாள் அவர் வீட்டில்தான் தின்றேன். அன்று என் வயிற்றில் விரலை வைத்துத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இத நீயேதான் எழுதுனியா?"

"ஆமா."

"ஒன் பேருதானா?"

"பின்ன யாரு பேரு?"

"அப்ப எம் பேரையும் எழுதத் தெரியுமா?"

"தெரியும். ஆனா ஒங்க வயித்துல எழுத மாட்டேன்."

அவர் சிரித்த சிரிப்பில் வெற்றிலைச் சாறு என் சட்டையில் தெறித்தது. அந்தக் கறையும் போகவில்லை.

அவர் எதற்காகக் கேட்டார் என்பதைச் சொல்வதற்கு முன், பெரியப்பாவைச் சொல்ல வேண்டும். பெரியப்பா குடிக்க மாட்டார், அடிக்க மாட்டார், சத்தம் போட்டுப் பேசக்கூட மாட்டார். அவருக்கு இருந்த ஒரே வியாதி, பதுளைக் கடைத்தெரு. சம்பளம் வாங்கிய மறுநாள் காலை பஸ் ஏறுவார். பொழுது சாய ஏதாவது ஒரு பொருளோடு திரும்புவார். ஒரு மாதம் பறவைத் தலைக் கைப்பிடி வைத்த குடை. ஒரு மாதம் முள் ஓடாத சுவர்க் கடிகாரம். "முள்ளு ஓடாட்டி என்ன, கூண்டு எவ்வளவு அழகு பாரு" என்பார். நான் சொல்லும் அந்தக் காலத்தில் அவர் ஒரு சைக்கிள் வாங்கிக்கொண்டிருந்தார். கவனியுங்கள், வாங்கிவிட்டார் என்று சொல்லவில்லை. பழைய சாமான் விற்கும் ஒரு முஸ்லிம் நானாவிடம் துண்டு துண்டாக வாங்கிக்கொண்டிருந்தார். முதல் மாதம் ஹேண்டில். அடுத்த மாதம் சீட். அடுத்தது மணி. ஹேண்டிலைச் சுவரில் மாட்டி, அதில் மணியைப் பூட்டி, வேலை முடிந்து வந்ததும் ஒரு தடவை அடிப்பார். இனி வரவேண்டியது சட்டமும் சக்கரங்களும்.

நம் தோட்டம் உங்களுக்குத் தெரியும். ஆடே யோசித்து யோசித்துத்தான் ஏறும். அங்கே சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டுதான் போகலாம்.

அவர் கையில் பணம் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். அது ஊர் வழக்கம். சம்பள நாளில் ஆபீஸ் வராந்தாவில் மேசை போடுவார்கள். பெயர் கூப்பிட்டால் புருஷன் போய் நிற்பான். தன் பெயருக்கு ஒரு கட்டைவிரல், பெண்சாதி பெயருக்கும் அதே கட்டைவிரல். இரண்டு பேர் சம்பளமும் ஒரே மடியில் ஏறும். மலையெல்லாம் ஏறிக் கொழுந்து எடுத்தவள், விரலில் மைகூடப் படாமல் வீட்டில் ரொட்டி சுட்டுக்கொண்டிருப்பாள். யாருக்கும் அது தப்பாகப் படவில்லை. பெரியம்மாவுக்கும் பல வருஷம் படவில்லை. மாடு வந்தபோதுதான் பட்டது.

மேல் லயத்து அத்தைக்கு இந்தியாவுக்குப் போகப் பேப்பர் வந்திருந்தது. அந்த வருஷங்களில் லயத்துக்கு லயம் அப்படி வந்துகொண்டிருந்தது. அத்தை தன் அம்மியை விற்றார், கோழிகளை விற்றார். கடைசியில் ஒரு செவலைப் பசு மிச்சம். நெற்றியில் வெள்ளைப் பொட்டு, கறக்கும்போது கால் தூக்காத குணம். பெரியம்மா அதன் முதுகைத் தடவியபடி நின்றார்.

"ஒனக்குன்னா கொறச்சுத் தர்றேன்" என்றார் அத்தை. "ஆனா அடுத்த சம்பளத்தோட வந்துரு. அதுக்கப்புறம் நாங்க இருக்க மாட்டோம்."

"போகத்தான் வேணுமா?"

"எங்க பேரு எங்கயோ ஒரு பேப்பர்ல ஏறிருச்சு. என்ன பாஷையில இருக்குன்னுகூடத் தெரியல. ஆனா போன்னு சொல்லுது." அத்தை பசுவின் காதைப் பிடித்து மெல்ல ஆட்டினார். "இதுக்குப் பேப்பர் வரல. அதனால இது இங்கயே இருக்கலாம்."

அன்று அது எனக்குப் பெரிய நகைச்சுவையாகத் தெரிந்தது. விழுந்து விழுந்து சிரித்தேன். அத்தையும் சிரித்தார். அவர் ஏன் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார் என்பது எனக்கு ரொம்ப வருஷம் கழித்துத்தான் விளங்கியது.

பெரியம்மா பெரியப்பாவிடம் கேட்டார். பெரியப்பா உடனே சரி என்றார். அதுதான் ஆபத்து. கடிகாரத்துக்கு முன்னாலும், குடைக்கு முன்னாலும் அவர் சரி என்றுதான் சொல்லியிருந்தார். "ஒங்க பெரியப்பா தங்கம்டா" என்றார் பெரியம்மா என்னிடம். "ஆனா தங்கத்துகிட்ட காசக் குடுத்தா அது பித்தளையா திரும்பி வருது."

ஆகவே ஒரு சாயங்காலம் கொழுந்து நிறுக்குமிடத்தில், எல்லோரும் இருக்கும்போது, பெரிய கிளாக்கரிடமே போய்விட்டார். பெரிய கிளாக்கர் என்றால் தோட்டத்து ஆபீசின் மூளை, நாக்கு, பேனா எல்லாம் அவர்தான். காதில் பென்சில், காலில் சப்பாத்து, வாயில் இங்கிலீசு.

"ஐயா, அடுத்த மாசம் எஞ் சம்பளத்த எங் கையில குடுங்க."

கிளாக்கர் தராசைப் பார்த்தபடியே சொன்னார். "கைநாட்டு வைக்கிற ஆளுக்கு எந்தக் கையா இருந்தா என்ன? ஒன் கட்டைவிரலும் மைதான், ஒன் புருஷன் கட்டைவிரலும் மைதான்."

"அப்ப கையெழுத்துப் போட்டா?"

"போடு. போட்டா ஒன் கையிலயே குடுக்குறேன். இத்தன பேரு முன்னுக்குத்தான் சொல்றேன்."

எல்லோரும் சிரித்தார்கள். கிளாக்கரும் தாராளமாகச் சிரித்தார். மாடு பறக்கட்டும், பார்க்கலாம் என்கிற மாதிரிச் சிரிப்பு.

அப்படித்தான் நான் வாத்தியாரானேன்.

பள்ளிக்கூட மாஸ்டரிடம் போகலாமே என்று நான்கூடச் சொன்னேன். "அவரு கிளாக்கரோட சீட்டு வெளையாடுறவரு. ஒனக்குத்தான் ஒளறத் தெரியும், கோள் சொல்லத் தெரியாது" என்றார் பெரியம்மா. இதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

பள்ளிக்கூடம் பெரியம்மாவின் அடுப்படி. சிலேட்டு எடுத்தால் பெரியப்பா என்ன ஏது என்று கேட்பார். அதனால் ரொட்டி சுடுவதற்கு எடுத்து வைக்கிற கோதுமை மாவைச் சுளகில் பரப்பி, உள்ளங்கையால் தட்டிச் சமப்படுத்துவோம். அடுப்புக்குப் பக்கத்தில் அவர், அவருக்கு எதிரே நான், நடுவில் சுளகு. அடுப்பு வெளிச்சத்தில் மாவு மஞ்சளாகத் தெரியும். ஈர விறகுப் புகை, சுவரில் தொங்கும் ஹேண்டில், வெளியே மழை. நான் விரலால் ஒரு எழுத்தை எழுதுவேன். அதன் மேலேயே அவர் விரலை ஓட்ட வேண்டும். பிறகு அழித்துவிட்டுத் தானாக எழுத வேண்டும். எழுதி முடித்ததும் அந்த மாவிலேயே தண்ணீரைத் தெளித்து, தேங்காய்ப்பூவைப் போட்டுப் பிசைந்து, ரொட்டி தட்டிவிடுவார். முதல் ரொட்டி வாத்தியாருக்கு. மிளகாய்ச் சம்பலோடு அதைத் தின்றுகொண்டே அடுத்த நாள் பாடத்தை யோசிப்பேன். படித்த எழுத்தைச் சுடச்சுடத் தின்ற பள்ளிக்கூடம் வேறு எங்கேயாவது இருந்திருந்தால் சொல்லுங்கள்.

பெயரை நான் இங்கே சொல்லப்போவதில்லை. அவர் பெயரை அவர் எழுதினால்தான் அழகு. முதல் எழுத்து 'ப' என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

"இது என்ன மாதிரி இருக்கு, சொல்லுங்க" என்றேன், மாஸ்டரின் குரலில்.

"வாசக்கால் மாதிரி இருக்கு."

"வாசக்காலா? மூடி இல்லாத பொட்டி மாதிரி இல்ல?"

"எனக்கு வாசக்காலாத்தான் தெரியுது, வாத்தியாரே. உள்ளுக்குப் போய்ப் படுத்துக்கலாம் போல இருக்கு."

"வளந்தவங்களுக்குப் புத்தி ஏறாதுன்னு மாஸ்டர் சொன்னது சரியாத்தான் இருக்கு."

பதிலுக்கு ஒரு கை மாவு என் மூக்கில் வந்து விழுந்தது.

ஆனால் நான் கொடுமைக்காரன்தான். கையில் ஒரு தேயிலைக் குச்சி வைத்திருந்தேன். கோடு கோணினால் அவர் விரல் முட்டியில் தட்டுவேன். நாள் முழுக்கக் கொழுந்து கிள்ளி வெடித்திருந்த விரல். அதில் போய்த் தட்டினேன். கொஞ்சம் அதிகாரம் வந்ததும் ஒரு பொடியன் எப்படிக் கிளாக்கராகிவிடுகிறான் பாருங்கள். மலையில் கொழுந்து எடுக்கும்போதும் காற்றிலேயே எழுதிப் பார்ப்பாராம். "ஒங்கக்காவுக்கு என்னமோ ஆயிருச்சு, ஈ வெரட்டுற மாதிரி வெரட்டுறா, ஆனா ஈயில்ல" என்று அம்மாவிடம் யாரோ வந்து சொன்னார்கள்.

சம்பள நாள் நெருங்கும்போது பெயர் முழுதாக வந்துவிட்டது. எதிரே இருந்து பார்த்தேன். அச்சு மாதிரி இருந்தது. ஒரு குறை சொல்ல முடியவில்லை. எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

சம்பள நாள் என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆபீசுக்குப் போகும் பாதை முழுக்க வளையல்காரர், கடலைக்காரர், தொதல் இனிப்பு விற்கிறவர், கடன் கேட்கிறவர். தேயிலை ஸ்டோரிலிருந்து வாடும் கொழுந்தின் வாசனை. ஆபீஸ் வராந்தாத் தூண் ஞாபகம் இருக்கிறதா? கைநாட்டு வைத்தவர்கள் எல்லோரும் மையை அதில் துடைத்துத் துடைத்து, இடுப்பு உயரத்துக்கு ஊதாவாகிப்போன தூண். நான் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன்.

மேசைக்கு அந்தப் பக்கம் கிளாக்கர். பக்கத்து நாற்காலியில் சின்னத்துரை, தொரைக்கு அடுத்த அதிகாரி. சிங்கள இளைஞர், புதிதாக வந்தவர். தமிழ் பேசப் பழகியிருந்தார், வாசிக்கத் தெரியாது. கிளாக்கருக்கு முன்னால் அந்தப் பெரிய சம்பளப் புத்தகம், அவர் பக்கம் பார்த்தபடி. கைநாட்டுக்காரர்களுக்கு அதைத் திருப்புவதே கிடையாது. விரலைப் பிடித்து இழுத்து, கட்டத்தில் அழுத்தி, விட்டுவிடுவார். விரலுக்குத் தலை எது, கால் எது? சங்கத் தலைவர், பெரிய கங்காணி மாதிரிக் கையெழுத்துப் போடுகிற இரண்டொருவர் வந்தால்தான் புத்தகத்தை அவர்கள் பக்கம் திருப்பி, பேனாவையும் நீட்டுவார். அந்தத் திருப்பல் ஒரு மரியாதை. நாங்கள் எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டு நிற்போம்.

பெரியம்மாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். பழக்கத்தில் பெரியப்பா ஒரு அடி எடுத்து வைத்தார். கூட்டத்துக்குள்ளிருந்து பெரியம்மா வந்து அவருக்கு முன்னால் நின்றார். அன்று படங்குச் சாக்கு இல்லை. பொங்கலுக்குக் கட்டின சேலை.

"நீ எங்க வந்த?" என்றார் பெரியப்பா.

"கையெழுத்துப் போட."

"யாரு கையெழுத்து?"

"எங்கிட்ட ஒரு பேருதான இருக்கு."

கிளாக்கர் நிமிர்ந்து பார்த்தார். சொன்ன வார்த்தை ஞாபகம் வந்திருக்க வேண்டும். கூட்டமும் அதை மறக்கவில்லை. அவர் மெதுவாக, எல்லோரும் பார்க்கும்படி, புத்தகத்தைப் பெரியம்மா பக்கம் திருப்பிவைத்துப் பேனாவை நீட்டினார்.

அப்போதுதான் ஒன்று என் மண்டையில் உறைத்தது. அவர் பேனாவைப் பிடித்ததே இல்லை. விரலால் மாவில் எழுதிய ஆள். பெரியம்மா பேனாவை, செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியைப் பிடிக்கிற மாதிரிப் பிடித்தார். குனிந்தார். வாய் ஓரத்தில் நாக்கு வெளியே வந்தது. வலது கோடியில் தொடங்கி மெதுவாக எழுதினார்.

எதிரே இருந்த கிளாக்கரின் முகத்தைப் பார்த்தேன். சிரிக்கத் தயாராக இருந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. ஒவ்வொரு எழுத்தாக அவர் உதடு வாசித்தது. "அட" என்றார். உண்மையான ஆச்சரியம். பெயர் முடிந்தது. கிளாக்கர் புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பினார்.

பெயர் தலைகீழாக நின்றது.

அவர் மறுபடி பெரியம்மா பக்கம் திருப்பினார். கிளாக்கர் பார்வைக்குப் பெயர் நேரானது, புத்தகம் தலைகீழானது. தன் பக்கம் திருப்பினார். புத்தகம் நேரானது, பெயர் கவிழ்ந்தது. பாவம், இன்னும் ஒரு தடவை திருப்பிப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். மேசை ஆடியது.

"இது என்னடி, ஒம் பேரு சிரசாசனம் போடுது?"

கூட்டம் சிரித்தது. தூணைக் கட்டிக்கொண்டிருந்த எனக்கு, அடுப்படி கண் முன்னால் வந்தது. அவர் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம், நடுவில் சுளகு. எனக்கு நேராக இருந்ததெல்லாம் அவருக்குத் தலைகீழ். நான் பெட்டி என்றது அவருக்கு வாசக்கால். அத்தனை நாளும் குச்சியை வைத்துக்கொண்டு, முட்டியில் தட்டித் தட்டி, ஒரு மனுஷிக்கு அவர் பெயரைக் கவிழ்த்துப் பிடிக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். தூணுக்குள் புகுந்துகொள்ளலாமா என்று பார்த்தேன். மை மட்டும்தான் ஒட்டியது.

"இது செல்லாது" என்றார் கிளாக்கர், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "விரலக் குடு."

பெரியம்மா விரலைக் கொடுக்கவில்லை. புத்தகத்தைப் பார்த்தார். கிளாக்கரைப் பார்த்தார். கூட்டத்துக்குள் என்னைத் தேடிப் பார்த்தார். நான் இரண்டு நாள் தாமதமாகப் புரிந்துகொள்ளும் விஷயங்கள் அவருக்கு அந்த ஒரு பார்வையில் புரிந்துவிடும்.

"நீங்க எதுக்கு ஐயா புஸ்தகத்தத் திருப்புனீங்க?"

"என்ன?"

"இத்தன வருஷம் எங்க விரல வாங்குனப்பத் திருப்பல. இன்னைக்கு மட்டும் ஏன் திருப்புனீங்க? திருப்பாம வைங்க. எழுதிக் காட்டுறேன்."

சிரிப்பு நின்றது. கிளாக்கர் சின்னத்துரை பக்கம் சாய்ந்து இங்கிலீசில் நீளமாக ஏதோ சொன்னார். சின்னத்துரை எழுந்து வந்து புத்தகத்தின் மேல் குனிந்தார். தலையை இந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தார், அந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தார். அவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

"இது ஒன் பேரா?" என்று கேட்டார்.

"ஆமாங்க தொரை."

"நீதான் எழுதினதா?"

"இன்னொருக்காவும் எழுதுவேங்க."

சின்னத்துரை ஒரு வெள்ளைத் தாளை எடுத்துத் தனக்கு முன்னால் வைத்தார். திருப்பவில்லை. பெரியம்மா மேசைக்கு இந்தப் பக்கம் நின்றபடியே குனிந்து எழுதினார். அந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு அது நேராக, அழகாக, ஒரு கோணல் இல்லாமல் போய்ச் சேர்ந்தது. சின்னத்துரை கிளாக்கரைப் பார்த்தார். கிளாக்கர் வாசித்தார். வேறு வழியில்லாமல் தலையை ஆட்டினார்.

"பேர் இருக்கு, ஆள் இருக்கு. பிறகு என்ன? குடு" என்றார் சின்னத்துரை.

சொல்லிவிட்டுப் புத்தகத்தில், கவிழ்ந்து கிடந்த பெயருக்குப் பக்கத்தில் தன் கையெழுத்தையும் போட்டார். மழைக்குப் பிறகு பாதையில் நெளியுமே மண்புழு, அந்த மாதிரி ஒன்று. நேராகப் பிடித்தாலும் கவிழ்த்துப் பிடித்தாலும் உலகத்தில் ஒருவரும் வாசிக்க முடியாது. அது செல்லும். அதை யாரும் திருப்பித் திருப்பிப் பார்க்கவில்லை.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. போன மாதம் என் மகள் எனக்குப் புது போன் வாங்கிக்கொடுத்தாள். திறக்க வேண்டுமென்றால் கட்டைவிரலை வைக்க வேண்டுமாம். வைத்தேன். திறந்தது. பெரிய படிப்புப் படித்த என் பேரப்பிள்ளைகள் எல்லாம் இன்று கைநாட்டுத்தான். கிளாக்கர் இருந்திருந்தால் அவர்கள் சம்பளத்தை யாரிடம் கொடுத்திருப்பாரோ.

பெரியம்மா பணத்தை வாங்கிச் சேலைத் தலைப்பில் முடிந்தார். பெரியப்பா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். ஏதாவது நடக்கும் என்று கூட்டம் எதிர்பார்த்தது. பெரியப்பா மெல்லிய குரலில் சொன்னார்.

"நாளைக்கு வீலு வரும்னு இருந்தேன்."

"மாட்டுக்குக் காலு இருக்கு. அதுல நாலு இருக்கு" என்றார் பெரியம்மா.

பெரியப்பாவுக்கு அது புரியக் கொஞ்ச நேரமாயிற்று. புரிந்ததும் அவர் சிரித்த சிரிப்பை அதற்கு முன் நான் கேட்டதில்லை. அவரால் அவ்வளவு சத்தம் போட முடியும் என்று அன்றுதான் லயத்துக்கே தெரிந்தது. அதற்குப் பிறகு கண்டவர்களிடமெல்லாம், "எம் பொஞ்சாதி தொரைக்கு நேரா எழுதுனவ" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். பெரியம்மா திட்டினால், "ஏன், பொய்யா?" என்பார்.

அன்று சாயங்காலமே பசு வந்துவிட்டது. மேல் லயத்து அத்தையே கயிற்றைப் பிடித்துக் கூட்டி வந்து, பெரியம்மா கையில் கொடுத்து, கொஞ்ச நேரம் விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார். பெரியப்பா சுவரில் இருந்த ஹேண்டிலிலிருந்து மணியைக் கழற்றி, ஒரு வாரைக் கோத்துப் பசுவின் கழுத்தில் கட்டினார். அது தலையை ஆட்டும்போது அடிக்காது. யாராவது போய் விரலால் அடித்துவிட வேண்டும். அதற்கென்றே லயத்துப் பிள்ளைகள் எல்லாம் வரிசையில் நின்றோம். அத்தையும் போவதற்கு முன் ஒரு தடவை அடித்துப் பார்த்தார்.

பால் கிளாக்கர் வீட்டுக்கும் போகத் தொடங்கியது. கொண்டுபோனவன் நான். ஒரு நாள் அவர் வீட்டு வராந்தாவில் அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். சப்பாத்து இல்லை, காதில் பென்சில் இல்லை. பென்சில் கையில் இருந்தது. மடியில் படம் போட்ட சிங்கள அரிச்சுவடி, பள்ளிக்கூடத்துச் சின்னப் பிள்ளைகள் படிப்பது. மேலிடத்துக் கடிதங்கள் சிங்களத்தில் வரத் தொடங்கிய காலம் அது. அவர் வாய் ஓரத்தில் நாக்கு வெளியே வந்திருந்தது. ஒரு வட்டத்தைப் போட்டு, அழித்து, மறுபடி போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த அவருடைய மகள், "அப்படி இல்லப்பா" என்று அதட்டினாள்.

என்னைக் கண்டதும் புத்தகத்தைத் தொடைக்கு அடியில் தள்ளினார். "என்னடா பாக்குற? பால வச்சிட்டுப் போ."

நான் தோட்டம் முழுக்கச் சொல்லிச் சிரித்தேன். நீங்களும் சிரித்தீர்கள், மறக்க வேண்டாம். தோட்டத்திலேயே பெரிய பேனா அவர் கையில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அந்தப் பேனாவையும் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து ஒருவர் திருப்பிக்கொண்டிருந்தார் என்பது அன்று எங்களுக்கு எப்படித் தெரியும்? அவருக்கு அப்போது நாற்பது வயதுகூட இருந்திருக்காது. இன்று அந்த வயதுக்காரர்களைப் பார்த்தால் எனக்குப் பையன்களாகத் தெரிகிறார்கள்.

ஆனால் அன்று சிரித்து முடித்த பிறகு எனக்கு ஒரு உறுத்தல் வந்தது. கிளாக்கரே முதலிலிருந்து படிக்கிறார். நானோ ஒருத்தருக்குக் கவிழ்த்துக் கற்றுக்கொடுத்துவிட்டு ரொட்டி தின்றுகொண்டு திரிகிறேன். மாதா மாதம் பெரியம்மா ஆபீசுக்குப் போய்ப் புத்தகத்தைத் திருப்பாதீர்கள் என்று சொல்வதும், பின்னால் இருந்து யாராவது களுக்கென்று சிரிப்பதும் எனக்குத்தான் அவமானமாக இருந்தது. என் பெயரும் அதில் அடிபட்டது: "அந்தத் தலைகீழ் வாத்தியாரு."

ஆகவே அன்று சாயங்காலம் குச்சி இல்லாமல், நல்ல பிள்ளையாக, பெரியம்மாவின் அடுப்படிக்குப் போனேன். சுளகில் மாவு இருந்தது. அதைத் தட்டிச் சமப்படுத்தினேன். இந்த முறை எதிரே உட்காராமல், அவர் பக்கத்திலேயே, தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தேன்.

"பெரியம்மா, நேரா எழுத இப்பச் சொல்லித் தர்றேன். ஒரு வாரம் போதும். அப்புறம் அவங்க புஸ்தகத்த எப்படி வச்சாலும் ஒங்களுக்குப் பிரச்சினை இல்ல."

பெரியம்மா செம்பிலிருந்த தண்ணீரை மாவில் ஊற்றினார். நான் எழுதி வைத்திருந்த முதல் எழுத்து கரைந்தது. பிசைந்துகொண்டே, என்னைத் திரும்பிப் பார்க்காமல் சொன்னார்.

"படிக்கிறவன் திருப்பிக்கட்டும்."